தலையெழுத்தைப் படித்தவர்கள்

மூளை அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுக்கிறவர்கள் காலையில் முதலில் கையில் எடுப்பது தையற்கடை இஞ்ச் டேப். மெஷின் அப்புறம்தான். மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை அளப்போம். அந்த நீளத்தில் பத்து சதவீதத்தில் ஒரு புள்ளி, பிறகு இருபது இருபதாக நான்கு, கடைசியில் மீதிப் பத்து. ஒரு காதிலிருந்து மறு காதுக்கும் அதே கணக்கு. புள்ளி வைத்த இடத்தில் முடியை விலக்கி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடை ஒட்டுவோம். மூன்று வயதுத் தலையானாலும் அறுபது வயதுத் தலையானாலும் புள்ளிகள் மூளையின் அதே பகுதிகளுக்கு மேல் விழும். 10-20 முறை என்று பெயர். 1958இல் இதை வகுத்து அறிக்கை எழுதியவர் ஹெர்பர்ட் ஜாஸ்பர்.

நான் டாக்டர் இல்லை. தென் தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவமனையில் இ.இ.ஜி. டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜாஸ்பர் எனக்குப் பரீட்சைக்குப் படித்த பெயர், அவ்வளவுதான். ஓய்வுக்குப் பிறகு ஆற அமரப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. வலிப்பு நோய் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுப்பதற்கு முன்பே, 1930களில், ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளின் தலையில் அவர் எலக்ட்ரோடு ஒட்டியிருக்கிறார். குழந்தையின் மூளையைப் பார்த்தே அது பெரியவனான பிறகும் கவனக்கோளாறு இருக்குமா என்று சொல்லிவிடலாம் என இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. ஏதோ நேற்று முளைத்த ஆசை மாதிரி எழுதுகிறார்கள். கிட்டத்தட்ட இ.இ.ஜி.யின் வயது அதற்கு.

ஜெர்மனியின் யேனா நகரில், பல்கலைக்கழக மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர் ஹான்ஸ் பெர்கர். நேரம் தவறாத, யாரிடமும் ஒட்டாத மனிதர். இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் பிழைத்தார். அன்றைக்கே, தொலைவில் இருந்த சகோதரி அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறி, அப்பாவிடம் சொல்லித் தந்தி அடிக்க வைத்தாராம். மனதின் சக்தி ஏதோ ஒரு வழியில் வெளியே பாய்கிறது, அதை அளந்து காட்ட வேண்டும் என்ற வேகம் அன்றிலிருந்து பெர்கரைப் பிடித்துக்கொண்டது. 1924 ஜூலை 6 அன்று, மூளைக் கட்டிக்காக மண்டையோட்டில் அறுவை செய்யப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவனிடமிருந்து முதல் அலைகளைப் பிடித்தார். தன் கண்ணையே நம்பாமல் ஐந்து வருடம் பொறுத்து, 1929இல்தான் வெளியிட்டார். அதற்குள் மகன் கிளாவுஸின் தலையில் எத்தனையோ தடவை கம்பி ஒட்டிப் பார்த்துவிட்டார்.

அவர் கண்டது இதுதான். கண்ணை மூடிச் சும்மா இருக்கும் ஆளுக்கு நொடிக்குப் பத்து என்ற கணக்கில் அலை வருகிறது. கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்குப் போடச் சொன்னாலோ அது மறைந்துவிடுகிறது. ஆக, இ.இ.ஜி. பிறந்ததும் முதலில் காட்டியது கவனத்தைத்தான். ஆளுக்குக் கவனம் வந்தால் ஆல்ஃபா எனப்படும் அந்த அலை போய்விடும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு எவ்வளவோ கனவு காணலாம், கண்டார்கள்.

எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு. 1933இல் நாஜி அரசு, பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் போட்டது. அந்த வழக்குகளின் மேல்முறையீட்டை விசாரித்த யேனா நீதிமன்றத்தில் பெர்கரும் ஓர் உறுப்பினர். நாஜிகளால் ஒதுக்கப்பட்டு மனமுடைந்த விஞ்ஞானி என்றுதான் வெகுகாலம் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த நூற்றாண்டில்தான் ஆவணங்களைத் தோண்டி எடுத்து மறுபக்கத்தைக் காட்டினார்கள். 1941இல் தற்கொலை செய்துகொண்டார். ஒரு மனிதனின் வருங்காலத்தை, அவனுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் வருங்காலத்தையும் சேர்த்து, மேசையில் உட்கார்ந்தபடி தீர்மானித்தவர்களில் ஒருவர்தான் எங்கள் தொழிலின் தந்தை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 'முன்கூட்டியே சொல்வது' என்ற பேச்சு வந்தாலே நான் கொஞ்சம் உஷாராகிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். அங்கே பிராவிடன்ஸ் நகரை ஒட்டி 1931இல் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். டெலிபோன் தொழிலில் பணம் சேர்த்த ஜார்ஜ் லோத்ராப் பிராட்லியின் ஒரே மகள் எம்மாவுக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தாள், ஆனால் வலிப்பும் மூளை வளர்ச்சிக் குறைவும் ஆயுளுக்கும் நின்றுவிட்டன. அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகச் சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார் அப்பா. எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் என்று பெயர். அமெரிக்காவில் குழந்தைகளின் மனநலத்துக்கென்றே தொடங்கிய முதல் மருத்துவமனை. உள்ளேயே பள்ளிக்கூடம், தங்குமிடம் எல்லாம் இருந்தன.

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு மூளைக்காய்ச்சல் என்றாலே கிலி. 1917 தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் உலகத்தை ஆட்டிவைத்த 'தூக்கக் காய்ச்சல்' ஒன்று இருந்தது. பிழைத்த பெரியவர்கள் பலர் சிலைபோல் உறைந்துபோனார்கள். பிழைத்த பிள்ளைகளோ நேர்மாறாக, அடங்காத துறுதுறுப்போடு, கோபத்தோடு, எதிலும் மனம் நிற்காமல் திரிந்தார்கள். அதற்கும் முன்னால், 1902இல், லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட 43 பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றி, ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றார். காய்ச்சல் வந்து போன பிறகு அந்தக் 'குறை' மூளைக்குள் குடியேறியது. சேட்டைக்காரப் பிள்ளையைப் பார்த்தால் மூளையில் எங்கோ அடி என்று சந்தேகிக்கும் பழக்கம் அப்போது தொடங்கியதுதான்.

அந்த அடியைத் தேடி பிராட்லி இல்லத்தில் செய்த சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். முதுகில் ஊசி போட்டு மூளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். எடுத்த பிறகு பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி. இல்லத்தின் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, நிறுவனரின் உறவுக்காரர். அந்த நீர் மறுபடி சீக்கிரம் சுரந்தால் வலி குறையும் என்று எண்ணி பென்சட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வந்து வேறொன்று சொன்னார்கள்: பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள்!

1937இல் 30 பிள்ளைகளுக்கு ஒரு வாரம் காலை வேளையில் இந்த மாத்திரையைக் கொடுத்து அவர் எழுதிய கட்டுரை மனநல மருத்துவத்தில் தனி அத்தியாயம். அவர்களில் 14 பேருக்குப் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊக்க மருந்து கொடுத்தால் துறுதுறுப்பு அடங்குகிறதே, இது என்ன விந்தை என்று பிராட்லியே திகைத்தார். இன்றைக்கும் கவனக்கோளாறுக்கு, அதாவது ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் முதன்மை மருந்துகள் அந்த வழியில் வந்தவைதான். இதில் நான் கவனிப்பது இதைத்தான்: எக்ஸ்ரே ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது வகுப்பில் நின்ற டீச்சர்.

அதே கட்டடத்தில்தான் இளைஞர் ஜாஸ்பர் இ.இ.ஜி. கூடம் அமைத்திருந்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் கார்மைக்கேலோடு சேர்ந்து 1935 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் அவர் வெளியிட்டது அமெரிக்காவின் முதல் மனித இ.இ.ஜி. கட்டுரைகளில் ஒன்று. 1938இல் ஜாஸ்பர், பிலிப் சாலமன், பிராட்லி மூவரும் இல்லத்துப் பிள்ளைகளின் அலைகளைப் பற்றி எழுதினார்கள். நடத்தைச் சிக்கல் என்று சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பலரின் பதிவு சரியாக இல்லை, மெதுவான அலைகள் அதிகம் என்றார்கள். ஜாஸ்பர் மாண்ட்ரியலுக்குப் போன பிறகு அந்தக் கூடத்துக்கு டொனால்ட் லிண்ட்ஸ்லி வந்தார். அவர் செய்த வேலைதான் எங்களைப் போன்றவர்களுக்குச் சோறு போட்டது: சாதாரணப் பிள்ளைகளின் அலை எந்த வயதில் எப்படி இருக்கும் என்று வரிசையாகப் பார்த்தார். சில மாதக் குழந்தைக்கு நொடிக்கு மூன்று, நான்கு. வயது ஏற ஏற வேகம் கூடி, பத்துப் பன்னிரண்டு வயதில் பெரியவர்களின் பத்தைத் தொடுகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு முடிவு தானாகவே வந்து விழுந்தது. மெதுவான அலை குழந்தை மூளைக்கு உரியது. துறுதுறுப்பான பிள்ளைக்கும் மெதுவான அலை. அப்படியானால் அந்த மூளை இன்னும் முதிரவில்லை, முதிர்ந்ததும் சரியாகிவிடும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அறிவியலின் வாயிலிருந்து வந்த 'வளர்ந்தா சரியாயிடுவான்'. அதே கூடத்தில் செய்த மருந்துச் சோதனைகளே இந்தக் கணக்கில் ஓட்டை போட்டன. அலை சரியில்லாத பிள்ளைகளுக்குப் பென்சட்ரின் கொடுத்தால் பலரின் நடத்தை திருந்தியது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினோபார்பிட்டால் கொடுத்தால் நடத்தை இன்னும் மோசமானது. பேப்பரில் ஓடுகிற அலையும் வகுப்பில் ஓடுகிற பிள்ளையும் ஒரே கயிற்றில் கட்டப்படவில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கனவு போகவில்லை.

மாண்ட்ரியலில் ஜாஸ்பர் சேர்ந்தது வைல்டர் பென்ஃபீல்டின் நரம்பியல் நிறுவனத்தில். அங்கேதான் ஜேக்கப் சாண்டி பயிற்சி பெற்றார். அவர் திரும்பி வந்து 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் சங்கம் பிறந்தபோது அதை நிறுவிய நால்வர் சாண்டி, பி. ராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன். கடைசிப் பெயருக்குரியவர் இ.இ.ஜி.காரர். நால்வரில் ஒருவர் எங்கள் ஆள் என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை. இஞ்ச் டேப் மாண்ட்ரியலிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த வழி அது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேப்பர் மெஷின். நொடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடும், ஒரு பக்கம் பத்து நொடி. இருபது நிமிடப் பதிவு என்றால் 36 மீட்டர் பேப்பர், 120 பக்கம். மை வற்றிய பேனாவைத் தட்டி உசுப்பி, மடிப்பு கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாயின்ட்மென்ட் சீட்டில் முதல் வரியே 'தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவும்' என்றுதான் இருக்கும். வைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளையைத் தலை வாராமல் எந்தத் தாய் அழைத்து வருவாள்? நர்ஸ் அறையில் ஷாம்பு வாங்கி, குழாயடியில் நானே தேய்த்துக் கழுவியதுண்டு.

துறுதுறுப்பான பிள்ளை என்றால் வேலை இரட்டிப்பு. ஒரு எலக்ட்ரோடு ஒட்டி அடுத்ததுக்குத் திரும்புவதற்குள் முதலாவது கையில் இருக்கும். பல்லைக் கடித்தால் பேப்பரில் கன்னத் தசை கறுப்பாய்ப் பூசிவிடும். கண்ணைச் சிமிட்டினால் நெற்றி எலக்ட்ரோடுகளில் மலை மாதிரி ஏறி இறங்கும். காலை ஆட்டினால் எல்லாப் பேனாவும் ஆடும். ஓரத்தில் 'அசைவு', 'கண்', 'பல்' என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போவேன். அசைவே நோயாக உள்ள பிள்ளையை அசையாமல் இருக்கச் சொல்லி அளக்கும் தொழில் எங்களுடையது. இந்த முரண்பாட்டை எம்.ஆர்.ஐ.காரர்கள் ஜாஸ்பருக்கு எழுபது வருடம் கழித்துப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏ.டி.எச்.டி. சந்தேகத்துக்கு இ.இ.ஜி. எழுதி அனுப்பினால், பெரும்பாலும் அது வேறொன்று இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். வகுப்பில் பாடம் கவனிப்பதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஒரு சிறுமி வந்தாள். மஞ்சள் ரிப்பன், கையில் பள்ளி டைரி, அதில் சிவப்பு மையில் குறிப்புகள். மூன்று நிமிடம் வேகமாக மூச்சு ஊத வைப்பது ஒரு சோதனை. சின்னப் பிள்ளைகளுக்குக் காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வேன். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி நின்றது. அவள் கண் திறந்தபடி இருந்தது, பேனாக்கள் மட்டும் எல்லா வரியிலும் ஒரே சீராக, நொடிக்கு மூன்று என்று கூர்முனையும் அலையுமாக எழுதின. சில நொடிகள். நின்றதும் அவள் ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி ஊதத் தொடங்கினாள். வலிப்பில் ஒரு வகை அது. 1935இல் பாஸ்டனில் ஃபிரெடெரிக் கிப்ஸும் கூட்டாளிகளும் காட்டிய அதே வடிவம். டைரியில் சிவப்பு மையால் எழுதிய டீச்சர் பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே மெஷின் ராஜா. டாக்டர் ரிப்போர்ட் பார்த்து மாத்திரை எழுத ஐந்து நிமிடம் ஆகவில்லை.

ஆனால் பெரும்பாலான தாய்மார்கள் கேட்பது அதை இல்லை. "சிஸ்டர், டீச்சர் தெனமும் கூப்பிட்டு விடுறாங்க. பெரியவனானா சரியாயிடுவானா? இதுல தெரியுமா?" பேஸ்ட்டைத் துடைத்தபடி, "டாக்டர் சொல்லுவாங்கம்மா" என்பேன். டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது. திறந்தாலும் சொல்ல என்ன இருந்தது?

சொல்லிவிடத் துணிந்தவர்களும் இருந்தார்கள். 1951 வாக்கில் இதே கிப்ஸும் அவர் மனைவியும், தூக்கப் பதிவில் நொடிக்கு 14 அல்லது 6 என்று சீப்புப் பல் மாதிரி வருகிற சின்னக் கூர்முனைகளை விவரித்தார்கள். தலைவலி, வயிற்றுவலி, கோபம், அடிதடி என்று எல்லாவற்றோடும் அதை முடிச்சுப் போட்டார்கள் மற்றவர்கள். அடங்காத பையன்களுக்கு அது ஒரு முத்திரையாகிவிட்டது. நோய் எதுவும் இல்லாத பதின்வயதுப் பையன்களைத் தூங்கவைத்து யாராவது பார்க்க வேண்டாமா? 1966இல் லாம்பிரோஸோவும் கூட இருந்தவர்களும் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதே சீப்பு. எங்களுக்குப் பாடம் நடத்தியபோது அது 'தீங்கற்ற மாறுபாடு' என்ற பட்டியலில் சேர்ந்துவிட்டிருந்தது. அந்தப் பதினைந்து வருடம் எத்தனை பையன்களின் கோப்பில் அது நோயாக எழுதப்பட்டிருக்கும் என்று நான் அவ்வப்போது நினைப்பதுண்டு.

இந்தக் கோளாறின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன, அந்தக் கதையை நீட்ட வேண்டாம். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1968 கையேட்டில் ஒரு வரி முக்கியம்: இந்த நடத்தை பதின்வயதில் பெரும்பாலும் குறைந்துவிடும் என்றது. பிராட்லி இல்லத்தில் முளைத்த 'முதிரும், சரியாகும்' என்ற ஜோசியம் அதிகாரப்பூர்வப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அதை உடைத்தது மெஷின் இல்லை, பொறுமை. மாண்ட்ரியலில் கேப்ரியல் வைஸும் லிலி ஹெக்ட்மனும் 1960களில் வந்த பிள்ளைகளை விடாமல் தேடிப் பிடித்து, வேலைக்குப் போன பிறகும் கல்யாணம் ஆன பிறகும் உட்காரவைத்துப் பேசினார்கள். 15 வருடம் கழித்தும் மூன்றில் இருவருக்கு ஏதாவது ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி. உண்டு என்று மருத்துவம் ஒப்புக்கொண்ட பாதை இங்கே தொடங்குகிறது.

ஒப்புக்கொண்டதும் மெஷின்கள் பெரியவர்கள் பக்கம் திரும்பின. 1990இல் ஆலன் ஜாமெட்கின் குழுவினர் 25 பெரியவர்களின் மூளையில் சர்க்கரை எவ்வளவு எரிகிறது என்று ஸ்கேன் செய்தார்கள். சிறுவயதிலிருந்தே துறுதுறுப்பு உள்ளவர்கள், துறுதுறுப்பான பிள்ளைகளைப் பெற்றவர்களும்கூட. மற்றவர்களைவிட அவர்களுக்கு 8 சதவீதம் போல் குறைவு. சிவப்பும் மஞ்சளுமாய் அச்சான அந்தப் படம் போகாத ஊர் இல்லை. பிறகு பதின்வயதினரிடம் அதே சோதனையைச் செய்தபோது மூளை முழுக்கக் குறைவு என்ற முடிவு வரவில்லை. அந்தச் செய்திக்குப் படம் போட்டவர்கள் குறைவு.

2007இல் பிலிப் ஷா குழுவினர் எம்.ஆர்.ஐ.யில் 223 ஏ.டி.எச்.டி. பிள்ளைகளையும் அதே எண்ணிக்கையில் மற்றப் பிள்ளைகளையும் வைத்துப் பார்த்தார்கள். மூளையின் மேலுறை உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது மற்றவர்களுக்கு 7.5, இவர்களுக்கு 10.5. மூன்று வருடத் தாமதம். படித்தவுடன் எனக்கு லிண்ட்ஸ்லிதான் ஞாபகம் வந்தார். எழுபது வருடம் கழித்து 'முதிரவில்லை' திரும்பி வந்துவிட்டது, இந்த முறை நல்ல ஆதாரத்தோடு. ஆனால் இது கூட்டத்தின் கணக்கு. தாமதமாகவாவது எல்லாரும் ஊர் போய்ச் சேர்வார்கள் என்று அது சொல்லவில்லை.

இதற்கிடையில் எங்கள் பழைய இ.இ.ஜி.க்கும் ஒரு வாழ்வு வந்தது. மெதுவான தீட்டா அலையை வேகமான பீட்டாவால் வகுத்தால் வரும் எண் ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு அதிகம் என்று ஜோயல் லூபர் முதலானோர் 1990களில் சொன்னார்கள். 2013 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 6 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நோயறிதலில் துணையாக அப்படியொரு சோதனையை அனுமதித்தது. பதினைந்து இருபது நிமிட வேலை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருட்டு அறையில் கண்ணை மூடிப் படுக்கவைத்தால் ஐந்தாவது நிமிடத்தில் பிள்ளைக்கு என்ன ஆகும்? கண் சொக்கும். சொக்க ஆரம்பித்ததும் ஆல்ஃபா உடைந்து தீட்டா வரும், எந்த டெக்னீஷியனைக் கேட்டாலும் சொல்வார். அதனால்தான் இடையிடையே "ராஜா, தூங்கிட்டியா? உன் ஸ்கூல் பேரு என்ன?" என்று குரல் கொடுப்போம். ராத்திரி பத்து மணிப் பஸ்ஸில் ஏறி விடியற்காலை இறங்கிய பிள்ளையின் தீட்டாவை வைத்து அவன் இருபத்தைந்து வயதைப் பற்றி என்ன சொல்ல முடியும்? இன்னொன்று, சில பிள்ளைகளுக்கு ஆல்ஃபாவே கொஞ்சம் மெதுவாக ஓடும். கம்ப்யூட்டர் அதையும் தீட்டா கணக்கில் சேர்த்துவிடும். 2016இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி, ஆராய்ச்சிக்கு வெளியே இந்த எண்ணை நம்பி ஏ.டி.எச்.டி.யை உறுதி செய்ய வேண்டாம் என்று கறாராக எழுதியது.

எம்.ஆர்.ஐ.யிலும் இதே கதைதான். சும்மா படுத்திருக்கும்போது மூளையின் எந்தப் பகுதி எதோடு சேர்ந்து இயங்குகிறது என்று பார்க்கும் முறை பெரிதாக வளர்ந்தது. 2012 வாக்கில், தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட அந்த இணைப்புக் கணக்கு பொய் சொல்லும் என்று கண்டார்கள். ஸ்கேனருக்குள் அதிகம் அசைவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பாவம், அவர்களிடம் ஓரத்தில் 'கால் ஆட்டினான்' என்று எழுதிவைக்கப் பென்சில் இல்லை.

அந்த முறையில் வந்த நல்ல ஆய்வுகளில் ஒன்று மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடையது, 2014. சிறுவயதில் ஏ.டி.எச்.டி. என்று உறுதி செய்யப்பட்டு, அப்போதிலிருந்தே கண்காணிக்கப்பட்ட 35 பெரியவர்கள். அவர்களில் 13 பேருக்கு இன்னும் இருந்தது, 22 பேருக்குப் போய்விட்டது. போனவர்களின் மூளையில் முன்பகுதியும் பின்பகுதியும் மற்றவர்களைப் போலவே ஒத்து இயங்கின. இருப்பவர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை. ஆனால் வேறொரு இணைப்பில் இரு சாராருமே சாதாரணமானவர்களிடமிருந்து மாறுபட்டார்கள். வெளியே குணமானவர்களின் உள்ளே ஏதோ ஒன்று அப்படியே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது, ஏனென்றால் யாருக்கும் வசதியாக இல்லை. ஆனால் ஸ்கேன் எடுத்தது அவர்கள் பெரியவர்களான பிறகு என்பதை மறந்துவிடக் கூடாது. பந்தயம் முடிந்த பிறகு குதிரையைப் பார்ப்பது வேறு, முன்பே சொல்வது வேறு. அதே ஆய்வுக்கூடத்தினர் பிறகு ஏழு வயதுப் பிள்ளைகளை ஸ்கேன் செய்து, பதினொரு வயதில் அவர்கள் கவனம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டார்கள். தொடர்பு இருந்தது. அந்தச் செய்தியின் தலைப்புகள்தான் இப்போது சுற்றுகின்றன. ஏழிலிருந்து பதினொன்று நான்கு வருடம், முப்பது வயது இன்னும் வெகு தூரம்.

2011இல் நடந்த ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பல நாடுகளிலிருந்து சேர்த்த மூளை ஸ்கேன்களைப் பொதுவில் வைத்து, யாருக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது, எந்த வகை என்று கணினி நிரலால் கண்டுபிடிக்கச் சவால் விட்டார்கள். ஸ்கேனை வைத்து ஜெயித்த அணி 60.5 சதவீதம் சரியாகச் சொன்னது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழக அணி 62.5 சதவீதம். ஆனால் அவர்கள் கொடுத்த விடையில் ஸ்கேனுக்கு இடமே இல்லை. வயது, ஆணா பெண்ணா, எந்தக் கைப் பழக்கம், ஐ.க்யூ., எந்த ஊரில் பதிவு செய்தது, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பரிசு இல்லை! ஓ.பி. சீட்டில் நாங்கள் வாசலிலேயே எழுதி வாங்கிய விவரங்கள்தான் பாதி.

அப்புறம் எதை முன்கூட்டிச் சொல்வது என்ற கேள்வியே ஆட்டம் கண்டது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை தொடர்கிறார்கள். 2015இல் டெரி மோஃபிட் எழுதியது: சிறுவயதில் ஏ.டி.எச்.டி. இருந்தவர்களும் 38 வயதில் இருப்பவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். 38 வயதில் உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிறுவயதில் அது இல்லை. இதை மறுப்பவர்களும் உண்டு, பெரியவர்களிடம் எப்படிக் கேட்டார்கள் என்பதில் சண்டை. ஆனால் 2022இல் மார்கரெட் சிப்லி குழுவினரின் கணக்கு என்னை அதைவிட யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் 1990களில் சிகிச்சை ஆய்வில் சேர்ந்த பிள்ளைகளை இளமைப்பருவம் வரை பலமுறை பார்த்ததில், முழுதாகக் குணமாகி அப்படியே நின்றவர்கள் 9 சதவீதம் போல, விடாமல் இருந்தவர்கள் 11 சதவீதம் போல. பெரும்பாலோருக்குப் போய்ப் போய் வந்தது. இரண்டு வருடம் இருக்காது, மறுபடி வந்துவிடும், இன்னொரு வருடம் குறையும். எட்டு வயதில் எடுத்த எந்தப் படமும் இந்த வரவுபோக்கைச் சொல்லிவிடுமா? 'சரியாயிடுவானா' என்ற தாயின் கேள்விக்கு ஆமாம், இல்லை இரண்டுமே தவறான பதிலாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 11,880 பேரைச் சேர்த்து, வருடக்கணக்காக ஸ்கேன் எடுத்துத் தொடரும் பெரிய ஆய்வு நடக்கிறது. முதலில் சேர்ந்தவர்கள் இப்போது ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிவிட்டார்கள். மூளைப் படத்தையும் நடத்தையையும் முடிச்சுப் போட ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும், சில டஜன் பேரை வைத்துச் சொன்னது நிற்காது என்று 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை அந்தத் தரவையும் பயன்படுத்தியதுதான். அவர்கள் முப்பதைத் தொடும்போது ஏதாவது உருப்படியாகத் தெரியலாம்.

இங்கே அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? 'பிரெயின் மேப்பிங்' என்று கலர் கலராக மண்டைப் படம் அச்சடித்த பாக்கேஜ் விளம்பரங்கள் வாட்ஸ்ஆப்பில் வருகின்றன, உங்கள் பிள்ளையின் கவனம், எதிர்காலம் என்று. தெரிந்தவர்கள் எனக்குப் போன் செய்து கேட்பார்கள். நான் மூன்று விஷயம் கேட்டுவரச் சொல்வேன். முந்தின ராத்திரி பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்று சொல்கிறார்களா? கலர் படத்துக்கு அடியில் உள்ள அலையை எந்த டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்? ரிசல்ட் எப்படி வந்தாலும் பிள்ளைக்குச் செய்யப்போகிறதில் என்ன மாறும்? போன மாதம் ஒரு அப்பா கேட்டுவிட்டு வந்தார். "மூணையும் கேட்டேன் மேடம். அட்வான்ஸ் திருப்பித் தரமாட்டோம்னு மட்டும் தெளிவா சொன்னாங்க" என்றார்.